31ஆம் திகதி பின்னேரம் கவனம் பிள்ளை

அன்பு மகள்,

நேற்று ஃபோனில நீ ஹலோவீனைப் பற்றிக் கேட்டதுக்கு நான் வடிவாப் பதில் சொல்லேல்லை, சின்னவன் பின்னுக்கு ஸ்பைடர்மான் உடுப்போட கதிரையில இருந்து குதிச்சுக்கொண்டு நிண்டான், நீயும் அரைவாசி என்னோட அரைவாசி அவனோட கதைச்சாய், அதுதான் இப்ப ஆறுதலா இருந்து எழுதுறன். கொஞ்சம் நீளமாத்தான் வரும். ஒரே மூச்சில வாசிக்காட்டிலும் பரவாயில்லை, ஒக்ரோபர் 31ஆம் திகதி பிள்ளையள் வேஷம் போட்டு வீடு வீடா இனிப்புக் கேட்டு வெளிக்கிட முதல் வாசிச்சு முடிச்சால் காணும்.

வட்ஸ்அப்பில வந்த அந்த மெசேஜை எனக்கும் ஆக்கள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கினம். ரொபிக்குள்ள போதைமருந்தாம், சொக்லேட்டுக்குள்ள ஊசியாம், பிள்ளையளை வெளியில விடாதேங்கோவாம். அதை வாசிச்சுப்போட்டுத்தான் இந்தமுறை ஒரு வீட்டுக்கும் போகாம மோலுக்குக் கூட்டிக்கொண்டு போவமோ எண்டு கேக்கிறாய். மோலுக்குப் போறது பிழையில்லை, கல்கரியில அண்டைக்கு ஸ்நோ கொட்டிச்சுதெண்டால் அதுதான் புத்தி. ஆனா இந்த மெசேஜுக்குப் பயந்து போகாத. நீ சின்னனா இருக்கேக்கயும் இதே கதைதான், அப்ப வட்ஸ்அப் இல்லை, ஃபக்ரறியில என்னோட வேலைசெய்த பெண்டுகள் லஞ்ச் நேரம் சொல்லுவினம், அப்பிளுக்குள்ள பிளேட் வைச்சுக் குடுக்கினமாம் எண்டு. அமெரிக்காவில டெலவெயார் யூனிவர்சிட்டியில ஜோயல் பெஸ்ட் எண்டொரு சமூகவியல் பேராசிரியர், அவர் 1958இல இருந்து பேப்பரில வந்த செய்தியளை எல்லாம் கிண்டிக் கிண்டிப் பாத்தவர், முன்பின் தெரியாத ஆள் ஹலோவீனுக்குக் குடுத்த இனிப்பைத் திண்டு ஒரு பிள்ளை செத்ததா ஒரு சம்பவம்கூட அவருக்கு அகப்படேல்லை. 1974இல ரெக்சாஸில ஒரு பெடியன் சயனைட் கலந்த இனிப்புத் திண்டு செத்தது உண்மைதான், ஆனா அதைக் குடுத்தது தெருவில இருந்த ஆரோ பிறத்தி ஆள் இல்லை, இன்சூரன்ஸ் காசுக்காக அந்தப் பிள்ளையின்ர சொந்தத் தகப்பன். 84இல அவனுக்கு மரணதண்டனையும் நிறைவேத்திப்போட்டினம். ஆனா கதை மட்டும் சாகேல்லை, ஒவ்வொரு ஒக்ரோபரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும்.

அதுக்காக பாக்கைப் பாக்காம விடச் சொல்லேல்லை. வீட்டை வந்த உடன எல்லாத்தையும் மேசையில கொட்டு, உறை கிழிஞ்சது, பிரிச்சுத் திரும்ப ஒட்டினது, ஆரெண்டே தெரியாத வீட்டில செய்து பொலித்தீனில சுத்தித் தந்தது, பேர் வாசிக்க ஏலாதது, இதுகளைக் குப்பையில போடு. கஞ்சா போட்ட ரொபியள் 2019இல இருந்து கனடாவில கடையிலயே விக்கினம், காசு குடுத்து வாங்கினதை ஒருத்தரும் தெருப் பிள்ளையளுக்கு அள்ளிக் குடுக்கப் போறதில்லை, ஆனா வீட்டில ரெண்டும் ஒரே தட்டில கிடந்தால் கை மாறுறதுக்கு இடம் இருக்கு, அதால புதுசாத் தெரியிற பாக்கெட் எண்டால் எழுதியிருக்கிறதை ஒருக்கா வாசி. அவ்வளவுதான், கொஞ்ச நேர வேலை. அதுக்கு மேல பயத்தைச் செலவழிக்காத, அதை றோட்டுக்கு வைச்சுக்கொள்ளு.

ஏனெண்டு சொல்லுறன். கனடா டொக்டர்மார் ஆக்கள் செய்த ஒரு ஆராய்ச்சி இருக்கு, அதில ஒருத்தர் எங்கட ரொறொன்ரோ, இன்னொருத்தர் வன்கூவர். 1975இல இருந்து 2016 வரைக்கும் அமெரிக்காவில ஹலோவீன் பின்னேரங்களில வாகனம் அடிச்சுச் செத்த, றோட்டில நடந்து போன சனத்தை எண்ணி, அதுக்கு ஒரு கிழமை முந்தினதும் ஒரு கிழமை பிந்தினதுமான அதே நேரத்தோட ஒப்பிட்டுப் பாத்தவை. ஹலோவீன் அண்டைக்கு ஆபத்து 43 வீதம் கூட. நாலு வயசில இருந்து எட்டு வயசு வரைக்குமான பிள்ளையளுக்குப் பத்து மடங்கு. பத்து மடங்கு பிள்ளை! முழுத் தொகையாப் பாத்தால் அந்தப் பெரிய நாட்டில வருஷத்துக்கு நாலு சாவுதான் கூடுது, அதால இரவு முழுக்க நித்திரை கொள்ளாம இருக்கத் தேவையில்லை, ஆனா ஊசிக்கதைக்குப் பயப்பிடுற மனுசி இதுக்குப் பயப்பிடாமல் இருந்தால் கணக்குப் பிழை. அதிலயும் பொல்லாத நேரம் பின்னேரம் ஆறு மணி மட்டில. வேலை முடிஞ்சு காரில வாறவையும் வாளி தூக்கிக்கொண்டு ஓடுற பிள்ளையளும் ஒரே நேரத்தில ஒரே றோட்டில, இருட்டும் இல்லாம வெளிச்சமும் இல்லாம இருக்கிற நேரம்.

உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியேல்லை, நீ சின்னனா இருக்கேக்க அஞ்சேகாலுக்கே சூரியன் பட்டுப்போடும். அப்ப ஒக்ரோபர் கடைசி ஞாயிறே மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளிப்போடுவினம். 2007இல அதை நவம்பர் முதல் ஞாயிறுக்கு மாத்தினாப்பிறகு 31ஆம் திகதி எப்பவும் மணிக்கூடு மாத்த முதலே வந்துபோகுது, அதால உனக்கு அங்க ஆறேகால் மட்டும் சூரியன் நிக்கும். இது உனக்குக் கிடைச்ச அதிர்ஷ்டம், அதைப் பயன்படுத்து. சின்னவனை அஞ்சு மணிக்கே வெளிக்கிடுத்து. வெளிச்சத்தில போனால் ஹலோவீன் மாதிரி இல்லை எண்டு பெரியவள் பகிடி பண்ணுவாள், பண்ணட்டும், நாலு வயசுக்காரனுக்கு இருட்டின்ர ருசி தெரியத் தேவையில்லை. ஒரு மணித்தியாலம் போனால் அவனுக்குக் காலும் நோகும், வாளியும் பாரமாகும், நீ அவனையும் வாளியையும் சேத்துத் தூக்கிக்கொண்டு வருவாய், எப்பிடியும் ஆறரைக்கு முதல் வீட்டை நிப்பீங்கள்.

மருமகனுக்கும் சொல்லு, அண்டைக்கு வேலையால வெள்ளன வரச்சொல்லி, இல்லாட்டி ஒரேயடியாப் பிந்தி ஏழரைக்குப் பிறகு வரச்சொல்லி. அந்த இடைப்பட்ட நேரம் ஸ்ரியறிங் பிடிக்கிறதைத் தவிர்த்தால் நல்லது. நாங்கள் எல்லாரும் எங்கட பிள்ளையை மற்றவன்ர கார் அடிக்குமோ எண்டுதான் யோசிக்கிறம், மற்றவன்ர பிள்ளைக்கு முன்னால வாற கார் எங்கடதா இருக்கலாம் எண்டு யோசிக்கிறதில்லை. கல்கரியில உள்றோட்டுக்கு வேகத்தை மணிக்கு 40 கிலோமீற்றர் எண்டு 2021இல குறைச்சவங்கள், விளையாட்டுத் திடல் பக்கம் இரவு ஒம்பது மட்டும் 30, அண்டைக்கு அந்த 40உம் கூட. ட்ரைவ்வேயால பின்னுக்கு எடுக்கேக்க இறங்கிப் போய் ஒருக்காப் பின்னால பாத்துப்போட்டு ஏறச்சொல்லு. இன்னொண்டு, சில தாய்தகப்பன் குளிருக்குப் பயந்து பிள்ளையளை வீடு வீடா காரில கொண்டுபோய் இறக்கி ஏத்துகினம், பிள்ளை நடந்தால் பின்னால உருட்டிக்கொண்டு போகினம், தெருவில இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் கரைச்சல் அவையாலதான். குளிர் எண்டால் கெதியாத் திரும்புங்கோ, காரை எடுக்காதேங்கோ.

நடக்கிறதுக்கு ஒரு வழிதான், ஒரு பக்கத்து வீடுகளை எல்லாம் முடிச்சுக்கொண்டு மூலை மட்டும் போய், மூலையில கடந்து, மற்றப் பக்கத்தால திரும்பி வாறது. முன்வீட்டில முழு சைஸ் சொக்லேட் குடுக்கினம் எண்டு ஆரும் கத்தினால் பிள்ளையள் நடுறோட்டால குறுக்க பாயுங்கள், நிப்பாட்டின ரெண்டு காருக்கு இடையால வெளிப்படுற நாலு வயசுக்காரன் ட்ரைவர்ர கண்ணில படவே மாட்டான். அவன்ர கையை நீ பிடிச்சிருக்கிறது எண்டது பேச்சுக்கு இல்லை, உண்மையாப் பிடிச்சிருக்கோணும், ஃபோனில படம் எடுக்கிறதெல்லாம் படியில நிக்கேக்க எடு.

உடுப்பு. அவனுக்கு வாங்கினது சரியான அளவு எண்டு சந்தோசப்பட்டாய், எனக்குச் சிரிப்பு வந்தது. கனடாவில ஹலோவீன் உடுப்பு சரியான அளவில வாங்கக்கூடாது, ரெண்டு சைஸ் பெரிசா வாங்கி ஸ்நோ சூட்டுக்கு மேல போடோணும், இல்லாட்டிப் பிள்ளை ஜாக்கெட்டுக்குள்ள ஸ்பைடர்மானை ஒளிச்சு வைச்சுக்கொண்டு ஒவ்வொரு வீட்டிலயும் சிப்பைத் திறந்து காட்டிக்கொண்டு நிக்கும். நீ இளவரசி எண்டு வெளிக்கிட்ட வருஷம் உன்ர படத்தைப் பார், கொழுத்த இளவரசி. கடையில இன்னும் மாத்தித் தருவினம், மாத்து. முகமூடி வேண்டாம், ரெண்டு ஓட்டையால அவனுக்கு நேர தெரியிறது மட்டும்தான் தெரியும், பக்கத்தால வாறது ஒண்டும் தெரியாது, தலையில தொப்பி மாதிரி ஏத்தி விடு, வீட்டு வாசலில மட்டும் இறக்கட்டும். முகத்துக்குப் பெயின்ற் எண்டால் முதல் நாள் கையில கொஞ்சம் பூசிப் பார்.

பெரியவள் கறுப்புச் சூனியக்காரி. எல்லாப் பெட்டையளும் கறுப்புத்தான் போடுவாளவை, ட்ரைவருக்கு அது றோட்டின்ர நிறம். வெளிச்சம் பட்டால் மின்னுற ரேப் வாங்கி அந்தச் சால்வையின்ர பின்பக்கமும், பாக்கிலயும், சப்பாத்துக் குதியிலயும் ஒட்டு, ஸ்ரைல் கெட்டுப்போகும் எண்டு அழுவாள், வௌவால் வடிவில வெட்டி ஒட்டினால் அழமாட்டாள். உடுப்பு கணுக்காலுக்கு மேல நிக்கோணும். உன்ர ஹீல்ஸைக் கேட்பாள், குடுக்காத, ஸ்நோ பூட்ஸ் போடுற சூனியக்காரியும் உலகத்தில இருக்கினம்.

இனி அவள் தனியப் போறது. நீ ஏலாது எண்டு சொல்லிப்போட்டாயாம், அவள் எனக்கு ஃபோன் பண்ணி அம்மம்மா நீங்கள் சொல்லுங்கோ எண்டு அழுதவள். நான் உன்ர வீட்டு விஷயத்தில தலையிடேல்லை, ஆனா கேக்கிறாய் எண்டால் விடு எண்டுதான் சொல்லுவன். கிரேட் செவன், பன்ரெண்டு வயசு, நாலு பெட்டையள் சேர்ந்து போகினம், எல்லாம் அதே ஸ்கூல் பிள்ளையள். நீயும் அதே வயசிலதான் கேட்டனீ, அப்பா சரி போ எண்டார், நீ பெரிய ஆள் மாதிரி வெளிக்கிட்டுப் போனாய். நீ போன பிறகு அவர் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பியும் கையுமா அரை புளொக் பின்னால நடந்து வந்தவர் எண்டது இண்டைக்குத்தான் உனக்குத் தெரியப் போகுது. மருமகனுக்கும் கோப்பி பிடிக்கும்தானே.

விடுறதெண்டால் சில விஷயம் முதலே முடிவாகோணும், வாசலில நிண்டு கத்திச் சொல்லுறது அவளின்ர காதில ஏறாது. எந்தத் தெரு மட்டும், எந்தப் பெரிய றோட்டைத் தாண்டக்கூடாது எண்டதைத் தெருப் படத்தில அவளோட இருந்து பார். எட்டு மணிக்கு வீட்டை. ஃபோன் சார்ஜ் இருக்கோணும், ஆனா நடக்கேக்க அதைப் பாத்துக்கொண்டு நடக்கக்கூடாது, அந்த வெளிச்சம் முகத்தில அடிச்சால் றோட்டில ஒண்டும் தெரியாது. ஆரின்ர வீட்டுக்குள்ளயும் கால் வைக்கிறேல்லை, தெரிஞ்ச டீச்சரின்ர வீடெண்டாலும் வாசலோட சரி, ஆரின்ர காரிலயும் ஏறுறேல்லை. ஒருத்திக்குக் குளிருது வீட்டை போகோணும் எண்டால் நாலு பேரும் சேர்ந்துதான் அவளைக் கொண்டுபோய் விடுறது, ஒருத்தியையும் தனிய அனுப்புறேல்லை. இந்தக் கடைசி ஒண்டைத்தான் நான் எல்லாத்தையும் விட முக்கியமா நினைக்கிறன், பன்ரெண்டு வயசில அடுத்த தெருவில நல்ல சொக்லேட் எண்டால் சிநேகிதியை மறந்துபோடுவினம்.

சரி, பாதுகாப்பு முடிஞ்சுது, இனி மற்றது. நாங்கள் 94இல வந்து ஸ்காபரோவில அந்தப் பதினாலு மாடி அபார்ட்மென்ட்டில இருந்தனாங்கள்தானே, அங்க லொபியில ஒரு பேப்பர் ஒட்டுவினம், இனிப்புக் குடுக்க விருப்பமான ஆக்கள் தங்கட யூனிட் நம்பரை அதில எழுதுறது. பேப்பரில இல்லாத கதவைத் தட்டக்கூடாது. எனக்கு அந்த ஒழுங்கு சரியாப் பிடிச்சுது. வீடுகளில அந்தப் பேப்பருக்குப் பதிலா வாசல் லைட். லைட் எரிஞ்சால் வாருங்கோ, லைட் இல்லையெண்டால் வராதேங்கோ, ஏனெண்டு கேக்கத் தேவையில்லை. உள்ள ரீவி வெளிச்சம் தெரியுது, ஆள் இருக்கிறார், கஞ்சர் எண்டு பெரியவள் சொல்லுவாள். உள்ள ஆள் இருக்கலாம். நைற் ஷிஃப்டுக்குப் போக முதல் ரெண்டு மணித்தியாலம் கண்ணயர்ற ஆளா இருக்கலாம், கைக்குழந்தையை இப்பத்தான் கிடத்தின தாயா இருக்கலாம், கால் ஏலாத கிழவியா இருக்கலாம், சமயக் காரணமா இதைக் கொண்டாடாத குடும்பமா இருக்கலாம், இந்த மாசம் சொக்லேட் பெட்டி வாங்கக் காசு காணாத வீடாவும் இருக்கலாம். விலை ஏறின விதத்துக்கு இதையும் நினைக்கத்தான் வேணும். பிள்ளைக்கு இவ்வளவும் விளக்கத் தேவையில்லை, இருட்டு வீட்டைத் தாண்டிப் போகேக்க வாயை மூடிக்கொண்டு தாண்டு எண்டு சொன்னால் காணும்.

வாசலுக்குப் போனால் பாதையால போறது, புல்லை மிதிச்சுக்கொண்டு போறேல்லை, முன்னுக்கு ஒரு கூட்டம் நிண்டால் அவை இறங்கி வரும் மட்டும் கீழ நிக்கிறது. படியில எட்டுப் பிள்ளையள் ஒண்டா ஏறி ஆளையாள் தள்ளுறதுதான் விழுந்து பல்லு உடையிற இடம். தந்ததை வாங்கு, நல்லதா இல்லையெண்டாலும் அந்த வாசலில சொல்லாத, தாங்க்யூ சொல்லு. வெளியில கிண்ணத்தை வைச்சு 'ஒண்டு எடுங்கோ' எண்டு எழுதியிருந்தால் ஒண்டுதான். இதில பெரியவளை விட நான் சில தாய்தகப்பனைத்தான் சொல்லோணும், பிள்ளையின்ர பாக்கைப் பிடிச்சுக்கொண்டு கிண்ணத்தைக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டு போனதைக் கண்ணால கண்டிருக்கிறன், அதுவும் நல்ல உடுப்புப் போட்ட ஆக்கள்.

வெடி விஷயத்தில மட்டும் பிள்ளையளோட கொஞ்சம் கண்டிப்பா இரு. தீபாவளி இந்த நாளை ஒட்டித்தான் வாறது, 2024இல ரெண்டும் ஒரே நாளே வந்துது, அதால பெடியள் கையில வெடி இருக்கும், ஆரின்ரயோ வாசலில கொளுத்திப் போட்டிட்டு ஓடுறதை ரிறிக், அதுதான் ஹலோவீன் குறும்பு எண்டு நினைக்கிறாங்கள். வெடிச் சத்தத்துக்கு நெஞ்சு நடுங்கிற சனம் எந்தத் தெருவிலயும் இருக்கினம் பிள்ளை, எங்கட சனத்துக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. உங்கட பக்கம் 2022க்குப் பிறகு உக்ரேனால வந்த குடும்பங்களும் கனக்க. அதேபோல உன்ர முன்வீட்டுக்காரர் புல்லில வெள்ளைத் துணி சுத்தின பிரேதம் மாதிரி வரிசையாக் கிடத்தி வைச்சிருக்கிறார் எண்டு படம் அனுப்பினாய். அது அவற்றை வீடு, அவற்றை விருப்பம், நான் ஒண்டும் சொல்ல ஏலாது. ஆனா நீ உன்ர வீட்டில அப்பிடி ஒண்டும் வைக்காத. எலும்புக்கூடு வை, சிலந்தி வை, சூனியக்காரி வை, பேய் எவ்வளவும் வை. பிரேதத்தை நாங்கள் அலங்காரத்துக்கு வைக்கேலாது, அவ்வளவுதான்.

உன்ர வாசலுக்கு வாறவைக்கு. சின்னவனுக்குக் கச்சான் அலர்ஜி எண்டபடியா உனக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனா ஒண்டு, பெரிய சொக்லேட்டில கச்சான் இல்லை எண்டு எழுதியிருந்தால் ஹலோவீன் குட்டி சைஸிலயும் இல்லை எண்டு நினைச்சுப்போடாத, சில நேரம் வேற இடத்தில செய்யிறபடியா சேர்மானம் மாறும், குட்டிப் பாக்கெட்டில எழுத்தும் கனதரம் இருக்காது, வெளிப்பெட்டியிலதான் இருக்கும். வேற வீட்டில கிடைச்ச குட்டிச் சொக்லேட் எதையும் வாசிக்க ஏலாட்டில் அவனுக்குக் குடுக்காத, அக்காவோட மாத்தட்டும். வழியில ஒண்டும் வாயில வைக்கிறேல்லை எண்டதை வெளிக்கிட முதலே அவனுக்குச் சொல்லு, வயித்தை நிரப்பிப்போட்டுக் கூட்டிக்கொண்டு போ. புட்டும் முட்டைப்பொரியலும் நாலரைக்கே குடுத்தால் ரொபிக்கு அழமாட்டான். அலர்ஜிக்கு அவசரத்தில குத்துற எபிபென் ஊசியை ஹாண்ட்பாக்கில வைக்காத, அது குளிரில உறையக்கூடாது, உன்ர ஜாக்கெட்டின்ர உள்பொக்கெற்றில உடம்போட வைச்சிரு. கடினமான ரொபி, சூயிங்கம், கரமல், இதெல்லாம் நாலு வயசுத் தொண்டையில சிக்கும், அதுகளையும் எடுத்துப்போடு.

நீலப்பச்சை நிறம் அடிச்ச பூசணிக்காய் வாசலில இருந்தால் அந்த வீட்டில சாப்பாடு இல்லாத சாமானும் இருக்கு எண்டு அர்த்தம், ஸ்ரிக்கர், பென்சில், மின்னுற வளையல் அப்பிடி. 2014இல அமெரிக்காவில பெரிசாத் தொடங்கி இங்கயும் பரவிட்டுது. நீயும் ஒண்டு வை, உன்ர பிள்ளைக்கு மற்றவை செய்யிறதை நீயும் மற்றப் பிள்ளைக்குச் செய். கிண்ணம் ரெண்டா வை, இனிப்பு வேற, சாமான் வேற. ஜெல்லி ரொபியள் மட்டும் வாங்கி வைக்காத, அதுக்குள்ள மாட்டு ஜெலற்றினும் பன்றி ஜெலற்றினும் வாறபடியா சைவப் பிள்ளையளும் முஸ்லிம் பிள்ளையளும் கையை இழுக்கிறதைக் கண்டிருக்கிறன். எங்கட வீட்டு வழக்கப்படி குட்டி சிப்ஸ் பாக்கெட்டும் வை, அது கனடாப் பழக்கம், அதுதான் முதல் முடியும்.

இனிப்புக் கேக்கேக்க வழக்கமாச் சொல்லுற 'ரிறிக் ஓர் ரீற்' சொல்லாத பிள்ளையை 'என்ன சொல்லோணும்' எண்டு கேட்டு நிப்பாட்டாத. சில பிள்ளையளுக்குப் பேச்சு வராது, சிலதுக்கு முகத்தைப் பாக்க ஏலாது, சிலதுக்கு வெக்கம், கையில போட்டு விடு. வீல்செயாரில வாற பிள்ளைக்கு உங்கட அஞ்சு படியும் மலை. ரொறொன்ரோவில ஒரு குடும்பம் 2017இல இதுக்கெண்டே ஒரு வேலை தொடங்கினது, கதவடியில நிக்காம ட்ரைவ்வேயில மேசை போட்டுக் குடுக்கச்சொல்லி புல்லில போர்ட் நடுறது. போர்ட் இல்லாட்டிலும் பரவாயில்லை, மேசையைக் கீழ இறக்கு, ஹீட்டர் ஜாக்கெட்டோட வீட்டில நிக்கிற ஆள் கதிரை போட்டு இருக்கட்டும், நாய்க்கும் அந்தக் கதவு நூறு தரம் திறந்து பூட்டுற விசர் இருக்காது. அதை மேல அறையில விடு, சொக்லேட்டும் எட்டாம வை, நாய்க்கு அது நஞ்சு.

பெரிய பெடியள் உடுப்பும் போடாம ஹூடியோட வந்து பாக்கை நீட்டினால் உனக்குக் கோவம் வரும். நியூ பிறன்ஸ்விக்கில பாதர்ஸ்ட் எண்ட ஊரில பதினாலு வயசுக்கு மேல வரக்கூடாது எண்டு சட்டமே வைச்சிருந்தவை, பிறகு அதைப் பதினாறாக்கினவை. எனக்கு அந்தச் சட்டம் பிடிக்கேல்லை. பதினைஞ்சு வயசுப் பெடியன் அண்டைக்கு இரவு சொக்லேட் வாங்கித் தெருத்தெருவா நடக்கிறான் எண்டால் அவன்ர தாய் நிம்மதியா இருக்கலாம், அவன் போயிருக்கக்கூடிய வேற இடங்களை நினைச்சுப் பார். குடு, ரெண்டாவே குடு. சில பிள்ளை பன்ரெண்டு வயசில ஆறடி இருக்கும், வயசு கேக்காத.

பூசணிக்காய்க்குள்ள மெழுகுதிரி வேண்டாம், பற்றரி லைட் வை, அந்தச் சூனியக்காரிச் சால்வையெல்லாம் பொலியெஸ்டர். படியில ஸ்நோ இருந்தால் வழிச்சு உப்புப் போடு, மாலை நாலு மணிக்கே போடு, ஊர்ப் பிள்ளையளின்ர கால் எல்லாம் உன்ர படியிலதான் அண்டைக்கு. சைக்கிள், குழாய், லைட் வயர் எல்லாம் பாதையில இருந்து எடு.

ஒரு விஷயம் சொல்ல மறந்திட்டன், நீ இருக்கிற பக்கம்தான், கல்கரிக்குத் தென்கிழக்கால பிளாக்கி எண்டொரு சின்ன ஊர் இருக்காம், 1927இல அங்க பிள்ளையள் ரிறிக் ஓர் ரீற் எண்டு சொல்லிக்கொண்டு வீடு வீடா வந்ததாப் பேப்பரில வந்திருக்கு, இந்தப் பழக்கத்தைப் பற்றின மிகப் பழைய எழுத்துக்களில அதுவும் ஒண்டு. பெரியவளுக்குச் சொல்லு, ஸ்கூலில பெருமை அடிக்கலாம். நீ கழுத்தில பிள்ளையளுக்கு உதவக் காசு சேக்கிற யுனிசெஃப் செம்மஞ்சள் பெட்டியும் தொங்கவிட்டுக்கொண்டு சில்லறை குலுங்கக் குலுங்கப் போனதையும் சொல்லு, 2006இல அதை இங்க நிப்பாட்டிப்போட்டினம், இப்பத்தைப் பிள்ளையளுக்குத் தெரியாது. எனக்கு அது நிண்டது கவலைதான், வாங்கிறதோட குடுக்கிறதையும் சேத்துத் தந்த ஒரே சாமான் அதுதான்.

முதலாம் திகதி காலமை உன்ர வாசலில மட்டுமில்லாம ரெண்டு பக்கத்து வீட்டு முன்னாலயும் கிடக்கிற ரொபிக் கடதாசியளைப் பிள்ளையளோட போய்ப் பொறுக்கு. பூசணிக்காயை சாப்பாட்டுக் கழிவு போடுற பச்சை வண்டிலில போடு, லைட்டைக் கழட்டிப்போட்டு. கிடைச்சதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடு எண்டு சில பேர் சொல்லுவினம், நான் சொல்லுறன் நாலு நாளைக்கு ஆசை தீரத் தின்னவிட்டால் மிச்சத்தை அவையே மறந்துபோடுவினம், மருமகன் வேலைக்குக் கொண்டுபோகட்டும்.

மின்னுற ரேப்பும் ரெண்டு பற்றரி லைட்டும் வாங்கிப் பார்சல் போட வைச்சிருக்கிறன், வெள்ளிக்கிழமை போடுறன், நீ அங்க வாங்காத. அதுக்குள்ளயே வறுத்த மிளகாய்த்தூளும் வைக்கச்சொல்லி அப்பா நிக்கிறார், மூண்டு பாக் போட்டுக் கட்டினனான், இருந்தாலும் ரேப் மணக்கத்தான் போகுது, சூனியக்காரியிட்ட முதலே சொல்லி வை.

அன்புடன்
அம்மா